விளக்குப் போட்டால் இறங்கிய முள்

பழைய கார்களின் டாஷ்போர்டு மீட்டர் கோளாறுகளைக் கண்டுபிடிப்பது எப்படி என்று நம் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி செயலாளர் என்னைக் கேட்டார். காரணம் இருக்கிறது. ஷெட்டில் கிடந்த அம்பாசடர்களை எல்லாம் மறுபடி வெளியே எடுத்திருக்கிறார்கள். முகூர்த்தப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வரும் ஜோடிகள் அவற்றின்மேல் சாய்ந்து நின்று, பின்னால் கோபுரம் தெரியும்படி படம் எடுத்துக்கொள்கிறார்கள். வாடகை நன்றாக வருகிறதாம். ஆனால் பெரும்பாலான வண்டிகளில் மீட்டர் ஓடுவதில்லை. கம்ப்யூட்டரைச் சொருகிக் கோளாறு எண்ணைப் படித்துப் பழகியவர்களுக்கு, சொருக இடமே இல்லாத வண்டியில் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்றார் செயலாளர்.

எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்தும் நான் செய்யாமல் விட்ட ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. அதற்கும் இடம் தருவதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

நான் மின்னியலில் டிப்ளமோ படித்தவன். எங்கள் காலனியில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா அடுத்தவர் நிலத்தில் அறுப்பறுத்துப் படிக்கவைத்தார். அரசு வேலைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்து அலுத்த பிறகு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த கன்னையா மேஸ்திரியின் பட்டறையில் சேர்ந்தேன். அங்கே ஆறு வருடம். பிறகு சொந்தக் கடையில் முப்பத்தொரு வருடம். போன வருடம் கடையை மூடினேன்.

மேஸ்திரி மூன்றாம் வகுப்புவரை படித்தவர். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வண்டி வந்து நின்றால் பானட்டைத் தூக்கமாட்டார். ஓட்டிவந்தவரை முக்காலியில் உட்காரவைத்து, டீ சொல்லிவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்குவார்.

"எப்போ பார்த்தபா? வண்டி ஓடிக்கினு இருந்துச்சா, நின்னுக்கினு இருந்துச்சா? அப்போ லைட்டு எரிஞ்சுதா? வைப்பர் ஆடிச்சா? மழையா, வெயிலா?"

ஒரு கோளாறுக்கு இருபது கேள்வி. எனக்குப் பொறுமை இருக்காது. "மீட்டரை அவுத்துப் பார்த்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும் மேஸ்திரி" என்று ஒரு நாள் சொன்னேன்.

"நீ படிச்சவன் நைனா. உன்கிட்ட மீட்டரு பேசும். என்கிட்ட டிரைவருதான் பேசுவான்" என்றார். கிண்டல்தான். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை.

கோளாறு இன்னதென்று தெரிந்த பிறகும் அவர் வாயால் சொல்லமாட்டார். வண்டிக்காரரைக் கூப்பிட்டு, அவர் கையிலேயே ஒயரைக் கொடுத்துத் தொடவைத்து, முள் நகர்வதை அவர் கண்ணாலேயே பார்க்கவைப்பார். "நான் சொன்னா நம்பணும். நீயே பார்த்தா நம்பத் தேவையில்ல" என்பார்.

ஒருமுறை ஒரு நெசவாளர் தன் பழைய காரைத் தள்ளிக்கொண்டு வந்தார். எல்லா முள்ளும் செத்துக் கிடந்தன. டாஷ்போர்டுக்குக் கீழிருந்து கருகிய வாடை வந்தது. பியூஸ் போன இடத்தில் அவர் பட்டுச் சரிகையைப் பத்திருபது இழை சேர்த்து முறுக்கிக் கட்டியிருந்தார். அசல் வெள்ளிச் சரிகை. மின்சாரம் போயிருக்கிறது. ஆனால் அறுந்துபோக வேண்டிய நேரத்தில் அறாமல் தாங்கி, பின்னாலிருந்த ஒயர்களின் கட்டு முழுவதையும் எரித்துவிட்டது. மேஸ்திரி அதை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா முதலியாரே, காருக்குக் கரை போட்டிருக்கிறீங்க?"

"அறாத சரிகை மேஸ்திரி. என் தறியில நெய்யிறது."

"அதாங்க தப்பு. இந்த எடத்துல அறுந்தாத்தான் நல்ல சரக்கு."

இனி முறையைச் சொல்கிறேன்.

முதலில், தப்பு ஒரு முள்ளிலா, எல்லாவற்றிலுமா என்று பாருங்கள். டீசல் முள்ளும் என்ஜின் சூட்டு முள்ளும் சேர்ந்தாற்போல் உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றால் மீட்டர்களைத் தொடாதீர்கள். இரண்டுக்கும் மின்னழுத்தத்தைச் சீராக்கிக் கொடுக்கும் தீப்பெட்டி அளவு டப்பா ஒன்று டாஷ்போர்டின் பின்னால் இருக்கும். அதையும், அது வண்டியின் இரும்போடு சேரும் எர்த்தையும் பாருங்கள்.

டீசல் முள் மட்டும் தப்பு என்றால், டேங்குக்குள் டீசல் மட்டத்தை அளக்கும் மிதவை யூனிட்டிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டுச் சாவியைப் போடுங்கள். முள் காலியில் நிற்க வேண்டும். அந்த ஒயர் நுனியை வண்டியின் இரும்பில் தொடவைத்தால் முள் ஏறி நிறைவுக்குப் போக வேண்டும். மெதுவாகத்தான் போகும். உள்ளே ஒரு தகடு சூடேறி வளைந்துதான் முள்ளைத் தள்ளுகிறது. அதற்கு அரை நிமிடம் வேண்டும். அவசரக்காரர்கள் ஐந்து விநாடி பார்த்துவிட்டு, நல்ல மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். முள் நிறைவைத் தொட்டதும் ஒயரை எடுத்துவிடுங்கள். இந்தச் சோதனையில் முள் சரியாக நகர்ந்தால், மீட்டரும் ஒயரும் நல்லவை. குற்றம் யூனிட்டிலோ அதன் எர்த்திலோ இருக்கிறது.

கடைசிப் படி ஒன்று உண்டு. ஒயரை மறுபடி மாட்டிவிட்டு, பார்க்கிங் விளக்கு, பிரேக் விளக்கு, வைப்பர், ஹாரன் என்று ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அரை நிமிடம் முள்ளைப் பார்க்க வேண்டும். பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் போகிறவர் வருகிறவர் சிரிப்பார்கள். மேஸ்திரி இந்தப் படியை ஒரு நாளும் விட்டதில்லை.

நான் ஒரு நாள் விட்டேன். பதினெட்டு வருடத்துக்கு முன்னால்.

அப்போது மேஸ்திரி காலமாகிவிட்டார். என் கடைக்கு நல்ல பெயர். வாசல் பலகையில் என் பெயருக்குப் பின்னால் டிப்ளமோவைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். பட்டு முதலாளி ஒருவர் தன் அம்பாசடரை எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். ஓட்டிவந்தவர் தேவராஜ். எங்கள் காலனிக்காரர். எனக்குப் பத்து வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே ஆலயத்தில் உட்காருகிறவர்கள் நாங்கள்.

பட்டு முதலாளிகளின் வழக்கம் இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பட்டையும் சரிகையையும் எடைபோட்டு நெசவாளரிடம் கொடுப்பார்கள். புடவை வந்ததும் எடைபோட்டு வாங்குவார்கள். எடை குறைந்தால் பேச்சு எழும். அந்த முதலாளி நாற்பது வருடம் தராசு முள்ளைப் பார்த்தவர். காரின் டீசல் முள்ளையும் அதே கண்ணால் பார்த்தார். தேவராஜ் விடியற்காலையில் புடவைக் கட்டுகளோடு சென்னைக்குப் போய், பொழுது சாயும் நேரத்தில் திரும்புவார். திருப்பிக் கொண்டுவந்த கட்டுகள் இறங்கி முடியும்வரை வண்டியின் பார்க்கிங் விளக்கு எரிய வேண்டும் என்பது அந்த வீட்டு ஒழுங்கு. கட்டுகள் உள்ளே போனதும், விளக்கை அணைக்கும் முன்பே முதலாளி முன்சீட்டில் ஏறி முள்ளைப் பார்ப்பார். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு வண்டியை ஷெட்டில் பூட்டிவிடுவார்.

அதே ஓட்டம், அதே டீசல். முன்பெல்லாம் மாலையில் பாதிக்கு மேல் நிற்கும் முள், சில வாரங்களாகக் கால் பங்குக்கும் கீழே நின்றது.

முதலாளி என்னைத் தனியாக அழைத்தார். "அவன் உங்காளுதான். அது எனக்குத் தெரியும். இருந்தாலும் நீங்க படிச்சவரு, நியாயமா சொல்லுவீங்கன்னுதான் வேற எங்கயும் போகாம இங்க வந்தேன்."

அந்த வார்த்தை என்னை என்ன செய்தது என்று அன்று எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. உங்காளு என்று ஒருவர் சொன்னதும், அவன் என் ஆள் இல்லை என்று காட்டிக்கொள்ள வேண்டும் என்ற வேகம் எனக்கு வந்துவிட்டது.

காலை பதினொரு மணி. நல்ல வெயில். வரும் வழியில் டீசல் போட்டிருந்ததால், முந்தின மாலை முள் நின்ற இடத்தோடு ஒப்பிட வழியில்லை. ஒயரைக் கழற்றினேன், முள் காலிக்கு வந்தது. இரும்பில் தொட்டேன், நிறைவுக்குப் போனது. ஒயரை மாட்டிவிட்டு, டேங்கில் குச்சி விட்டு டீசலின் உயரத்தை அளந்தேன். முள் காட்டியதும் குச்சி காட்டியதும் ஒத்துப்போயின. இன்னும் ஐந்து லிட்டர் ஊற்றினேன். முள் அதற்கேற்ப ஏறியது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடைசிப் படிக்கு இன்னும் ஐந்து நிமிடம் வேண்டும். குச்சியால் அளந்து நிரூபித்த பிறகு விளக்கைப் போட்டுப் பார்ப்பது படிக்காதவன் வேலை என்று எனக்குத் தோன்றியது.

"மீட்டர் சரியா இருக்குது" என்றேன்.

தேவராஜ் என் பக்கத்தில் வந்து நின்றார். "சாமுவேலண்ணா, சாயந்தரம் எறங்குதுண்ணா. காலைல நான் சாவி போட்டா ஏறி நிக்குது. தினம் பார்க்கிறேன். நான் இன்னாத்துக்குண்ணா பொய் சொல்லப்போறேன்?"

முதலாளி உரக்கச் சிரித்தார். "ஷெட்டுல பூட்டி, சாவி என் இடுப்புல இருக்குது. காலைல எப்படிடா ஏறும்? டேங்குல பாலாத்து ஊத்து சுரக்குதா?"

நானும் சிரித்தேன்.

எழுதும்போது என் கை தயங்கும் இடம் இது. கோளாறு இன்னதென்று அந்த மனிதர் எனக்குச் சொல்லிவிட்டார். மாலையில் இறங்குகிறது, காலையில் ஏறுகிறது. மேஸ்திரி முக்காலியில் உட்காரவைத்து இருபது கேள்வி கேட்டுப் பெறுவதை, இவர் கேட்காமலே என் காதில் போட்டார். மாலைக்கும் காலைக்கும் வண்டியில் என்ன வித்தியாசம் என்று ஒரே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்டிருந்தால் விளக்கு என்ற பதில் வந்திருக்கும். ஒரு நாள் காலையில் எழுந்துவந்து பாருங்கள் என்று முதலாளியிடமும் நான் சொல்லவில்லை.

"அப்போ டீசல் எங்க போச்சு?" என்று முதலாளி என்னைக் கேட்டார்.

"முள்ளு பொய் சொல்லலிங்க. அதுக்கு மேல உங்க பாடு, அவன் பாடு."

முதலாளி தேவராஜிடம் கையை நீட்டினார். தேவராஜ் என் முகத்தைப் பார்த்தார். நான் டெஸ்ட் லேம்ப் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். சாவி கைமாறியது. தேவராஜ் சாலைவரை போய்விட்டுத் திரும்பி வந்தார். அவருடைய சாப்பாட்டுத் தூக்கு வண்டியில் இருந்தது.

"சாப்பாட்ட எடுத்துக்கட்டுமா முதலாளி?" என்று அனுமதி கேட்டு எடுத்துக்கொண்டு போனார்.

பட்டு வியாபாரிகளின் கடைகள் எல்லாம் நாலு தெருவுக்குள். பொழுது சாய்வதற்குள் எல்லோருக்கும் செய்தி போய்விட்டது. அதோடு என் பெயரும் போனது. டிப்ளமோ படித்தவர், அவன் ஊர்க்காரரே சோதித்துச் சொல்லிவிட்டாராம். அதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? தேவராஜுக்கு இந்த ஊரில் ஒருவரும் ஸ்டியரிங்கைக் கொடுக்கவில்லை. இரண்டு மாதம் கழித்துக் குடும்பத்தோடு மனைவியின் ஊரான தாமலுக்குப் போய்விட்டார். டிராக்டரில் மண் அடித்தார் என்று கேள்விப்பட்டேன்.

ஏழு மாதம் ஆயிற்று. அதே அம்பாசடர் புது டிரைவரோடு வந்தது. பிரேக் விளக்கு எரியவில்லை. சுவிட்சை மாற்றிவிட்டு, சாவியைப் போட்டு, பிரேக் பெடல் அமுங்கியே இருக்கும்படி ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துவிட்டுப் பின்னால் போனேன். விளக்கு எரிந்தது. துடைத்து முடித்துக் கட்டையை எடுக்க முன்பக்கம் வந்தபோது டீசல் முள்ளைப் பார்த்தேன். காலியில் படுத்திருந்தது. வண்டி வந்தபோது அது பாதிக்கு மேல் நின்றதை நான் பார்த்திருந்தேன்.

கட்டையை எடுத்தேன். முள் மெல்ல எழுந்தது. அரை நிமிடத்தில் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. பார்க்கிங் விளக்கைப் போட்டேன். இறங்கி, கால் பங்குக்குக் கீழே நின்றது. அணைத்தேன். ஏறியது. நான்கைந்து முறை போட்டுப் போட்டு அணைத்தேன்.

டிக்கியின் இடது மூலையில் ஒரு போல்ட். பின் விளக்குகளின் எர்த்தும் டேங்க் யூனிட்டின் எர்த்தும் அந்த ஒரே போல்ட்டில்தான் சேர்ந்தன. பாடியைத் தட்டிச் சரிசெய்து பெயிண்ட் அடிக்கும் டிங்கர் வேலை செய்தவர்கள் சுரண்டாமல் பெயிண்டின் மேலேயே அதை முடுக்கியிருந்தார்கள். உள்ளே துரு. விளக்கு எரியாதபோது யூனிட்டின் சிறு மின்சாரம் எப்படியோ அதன் வழியாகத் திரும்பிவிடும். விளக்கு எரிந்தால் அதன் மின்சாரம் அந்தக் குறுகல் வழியை அடைத்துக்கொள்ளும். முள் தாழ்ந்துவிடும்.

புது டிரைவரிடம் கேட்டேன். "சாயந்தரம் முள்ளு எறங்குதா?"

"எறங்கும் சார்."

"முதலாளி ஒண்ணும் கேக்கலியா?"

"அவரு இப்போல்லாம் பார்க்கிறதே இல்ல சார். திருடன்தான் போயிட்டான்ல."

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது போல்ட் போட்டு முடுக்கினேன். விளக்கைப் போட்டாலும் முள் அதன்பின் இறங்கவில்லை. முதலாளிக்குச் சொல்லி அனுப்பியது இது: பிரேக் லைட் சுவிட்ச் மாற்றியாயிற்று. வேறொன்றும் சொல்லவில்லை.

ஏன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். கடைக்குக் கெட்ட பெயர் வரும் என்ற பயம் உண்மை. ஆனால் அது பாதிதான். இப்போது போய்ச் சொன்னால், தன் ஆளைக் காப்பாற்றக் கதை கட்டுகிறான் என்பார்களே என்று நினைத்தேன். நியாயமானவன் என்று பெயர் வாங்குவதற்காக அவரை ஒருமுறை கைவிட்டேன். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்காக இரண்டாம் முறையும் கைவிட்டேன். அதற்குப் பின் இரண்டு வருடம் ஆலயத்தில் திருவிருந்து எடுக்க நான் முன்னால் போகவில்லை. முட்டிவலி, மண்டியிட முடியாது என்று வீட்டில் சொன்னேன். பிறகு அதுவும் பழகி, போகத் தொடங்கிவிட்டேன். முதலாளி இறந்துபோனார். அவர் பிள்ளைகள் வண்டியை விற்றுவிட்டார்கள்.

செயலாளர் கேட்டதும் முறையை வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன். கடைசிப் படிக்கு வந்தபோது, 'இதை ஒருபோதும் விடாதீர்கள்' என்று எழுதினேன். எழுதிய வரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மறுநாள் தாமலுக்குப் பஸ் ஏறினேன்.

தேவராஜ் வாசலில் கட்டிலுக்கு நைலான் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. "வாங்கண்ணா, இன்னா இந்தப் பக்கம்? குந்துங்க" என்றார். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கயிற்றை இழுப்பதை நிறுத்தவில்லை.

"எந்த போல்ட்டுண்ணா?" என்றார்.

"டிக்கில, இடது மூலை."

"டிங்கர் வேல பண்ணாங்களே, அதுக்கு அப்புறமா?"

"ஆமா."

"அதான்." கயிறு அவர் கையில் நின்றது. "நான் எடுக்கலன்னு எனுக்குத் தெரியும்ணா. முள்ளு ஏன் எறங்குச்சுன்னுதான் தெரியல. அப்புறமா வேற ஊருல கம்பெனி வேன் ஓட்டினப்போகூட, லைட்டப் போட்டா முள்ளத்தான் பார்ப்பேன். இத்தினி வருசமா யோசிச்சுக்கினே இருந்தேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி எஸ்தர் வந்தார். "இன்னா சொல்றாரு?"

"நான் டீசல் எடுக்கலியாம்."

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இப்போதான் தெரிஞ்சுதா?"

"இல்லம்மா. ஏழு மாசத்துலயே தெரியும்."

"ஏழு மாசத்துல எங்க மாமனாரு உயிரோட இருந்தாரு" என்றார். குரல் உயரவில்லை. "எடுத்தியா இல்லியா, சொல்லிடுடா, சொல்லிடுடான்னு கேட்டுக்கினே இருந்தாரு. இவரு இல்லன்னாரு. அவரு நம்பாமலே போய்ச் சேர்ந்தாரு." பிறகு, "நானும் ஒரு நாள் கேட்டேன்" என்றார்.

"விடுமா" என்றார் தேவராஜ்.

"இன்னாத்த விடறது?" என்று அவரை அடக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க இங்க வந்து சொன்னா எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும். அன்னிக்கு ஊரு முழுக்கச் சொன்னாங்க. எழுதுங்க. இவரு பேரப் போட்டு, உங்க பேரப் போட்டு எழுதுங்க."

சங்க மலரைப் பற்றிச் சொன்னேன்.

"அத யாரு படிப்பாங்க?"

"மெக்கானிக்குங்க, டிரைவருங்க. விளம்பரம் குடுக்கிற வண்டி முதலாளிங்க."

"அவங்கதான் வேணும்" என்றார்.

தேவராஜ் வேண்டாம் என்றார். நான் எஸ்தர் அம்மா சொன்னதைக் கேட்கிறேன்.

சாமுவேல் ஆகிய நான் எழுதுவது இது. தேவராஜ் அந்த வண்டியிலிருந்து ஒரு சொட்டு டீசலும் எடுக்கவில்லை. மீட்டர் சரி என்று அரைகுறையாகச் சோதித்துச் சொன்னவன் நான். அது தவறு என்று தெரிந்தபின் வாயை மூடிக்கொண்டவனும் நான். என் சொல்லைக் கேட்டு அன்று அவரை வாசலோடு திருப்பி அனுப்பியவர்கள் இதைப் படித்தால், தாமல் ஏரிக்கரை நிறுத்தத்தில் இறங்கி, இரண்டாவது தெருவில் தேவராஜ் டிரைவர் வீடு என்று கேளுங்கள். காண்பிப்பார்கள். மாலை நேரங்களில் அவர் வீட்டில்தான் இருக்கிறார்.